அழைக்கப்படாத கூட்டங்களுக்கு நான் போயிருந்தபோது என் வீட்டுக்குள் வந்துபோனவர் குறித்து

அனுப்புநர்:
கதாசிரியை (புதினம், திரைக்கதை),
மறைந்த தணிக்கையாளரின் மனைவி,
நான்காம் மாடி, படிக்கட்டை ஒட்டிய வீடு.

பெறுநர்:
காவல் ஆணையர் அவர்கள்,
மாநகரக் காவல் ஆணையர் அலுவலகம்.

பொருள்: நான் எழுதிவரும் திரைக்கதையில் உள்ளபடியே என் வீட்டுக்குள் ஒருவர் வந்துபோவது, வரும் திங்கட்கிழமைக்குப் பாதுகாப்புக் கோருவது.

பார்வை: இதே பொருள் குறித்து எங்கள் பகுதிக் காவல் நிலையத்துக்கு நான் நேரில் எடுத்துச் சென்று, வாங்கிக்கொள்ளப்படாத இரண்டு மனுக்கள்.

மதிப்புக்குரிய ஆணையர் ஐயா,

1. முதலில் ஒரு திருத்தம். கதைக்கு முடிவு எழுத வராததால், நாளைக் கடத்துவதற்காக நான் ஒரு திருடனைக் கற்பனை செய்துகொண்டதாகப் படக் கம்பெனியின் நிர்வாகி காவல் நிலையத்தில் சொல்லியிருக்கிறார். அது தவறு. முடிவு என்னிடம் இருக்கிறது. ஒரு வருடத்துக்கும் மேலாகத் தலைக்குள் முழுமையாக இருக்கிறது. நான் தாளில் எழுதுவது என் வீட்டில் நடந்துவிடுகிறது. அதனால்தான் அதை எழுதவில்லை. மேலும், 'திருடன்' என்ற சொல்லை நான் எங்கும் சொல்லவில்லை. ஒரு சாவியைத் தவிர என் வீட்டில் எதுவும் காணாமல் போகவில்லை.

2. இதைப் படித்ததும் தாங்களும் புன்னகைக்கக்கூடும். நிலையத்தில் புன்னகைத்தார்கள். தாங்கள் கடைசிவரை படிக்க வேண்டும் என்பது மட்டுமே இப்போதைக்கு என் வேண்டுகோள். கான்வென்ட்டில் எங்களுக்கு மனு எழுதக் கற்றுக்கொடுத்த சிஸ்டர், "நடந்ததை முதலில் எழுது. அழுகையை அப்புறம் எழுது, இடம் மிச்சமிருந்தால்" என்பார். அவ்வாறே முயல்கிறேன்.

3. எனக்கு வயது எழுபதுக்கு மேல். கணவர் காலமான பிறகு தனியாக இருக்கிறேன். ஐந்து புதினங்கள் வெளிவந்திருக்கின்றன. வேகமாக எழுதுபவள் அல்ல. என் தொழிலிலும் எதுவும் வேகமாக நடப்பதில்லை. கடைசிப் புதினத்தை ஒரு பதிப்பாளரிடம் கொடுத்தேன். அது அச்சாகி வந்தபோது அவருடைய மகன் பதிப்பாளராகியிருந்தார். மேலே குறிப்பிட்ட திரைக்கதை மூன்றாவது கம்பெனியில் இருக்கிறது. கதை எளியது. தனியாக வாழும் ஒரு கிழவி வெளியே போகும்போதெல்லாம் யாரோ அவள் வீட்டுக்குள் வந்துபோகிறார். எதையும் எடுப்பதில்லை. முதல் கம்பெனியில், "கிழவிய யாரும்மா ரெண்டு மணி நேரம் பாப்பாங்க? ஒரு பேத்தி வெச்சுக்கலாமா?" என்றார்கள். வைத்தேன். இரண்டாவது கம்பெனியில் பேத்திக்கு ஒரு காதல் கேட்டார்கள். அதையும் எழுதினேன். இப்போதைய இயக்குநர் பேத்தியை நீக்கிவிட்டு ஒரு நாயைச் சேர்க்கச் சொன்னார். நாய் இருந்தால் ஆள் உள்ளே வர முடியாதே என்றேன். சற்று யோசித்துவிட்டு, "அப்ப காது கேக்காத நாய்" என்றார். இதைத் தங்களைச் சிரிக்கவைக்க எழுதவில்லை. இத்தனை கை மாறிய ஒரு கதையின் பிரதிகள் யார் யார் வீட்டில் கிடக்கின்றன என்று எனக்குத் தெரியாது. கம்பெனிக்கும் தெரியாது. ஒரு நடிகரின் மைத்துனரிடம் ஒரு பிரதி இருப்பதும், அந்த மைத்துனர் அதைத் தம் பல் மருத்துவரிடம் படிக்கக் கொடுத்ததும் எனக்குத் தற்செயலாகத் தெரியவந்தன.

4. அந்தப் பிரதிகளில் என்ன இருக்கிறது என்பதைத் தாங்கள் அறிய வேண்டும். இயக்குநர் ஒருநாள், "எல்லாம் சரிம்மா, பூட்டின வீட்டுக்குள்ள அவன் எப்படி வர்றான்? லாஜிக் இடிக்குதே" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நான் செய்து பார்க்காத எதையும் எழுதுவதில்லை. கதையில் ஒருத்தி பையோடு மூன்று மாடி ஏறினால், நானும் பையோடு ஏறிப் பார்ப்பேன், அவளுக்கு எங்கே மூச்சு வாங்கும் என்று தெரிய வேண்டுமல்லவா. ஆகவே என் வீட்டையே எடுத்துக்கொண்டேன். சமையலறைக்குப் பின்னால் துணி உலர்த்தும் சின்ன இடம். அதற்கு ஒரு கம்பிக் கதவு. அது பின்படிக்கட்டில் திறக்கும். அதன் கொக்கியை வெளியிலிருந்து ஒரு இரும்பு ஸ்கேலை நுழைத்துத் தூக்கிவிடலாம். நானே பின்படிக்கட்டில் நின்று தூக்கிப் பார்த்தேன். திறந்தது. ஸ்கேலை எந்தப் பக்கம் சாய்க்க வேண்டும் என்பதுவரை எழுதினேன். இதைக் கேட்ட உதவி ஆய்வாளர், "ஏம்மா, சொந்த வீட்டைத் திறக்கிற வழிய யாராவது எழுதி ஊர் பூரா கொடுப்பாங்களா?" என்றார். எங்கள் தொழிலில் எழுதிக் கொடுப்பதை யாரும் படிப்பதில்லை, ஐயா. அந்தத் தைரியத்தில் கொடுத்தேன்.

5. இனி நடந்தவை. சென்ற மாதம் ஒரு இளைஞர் தொலைபேசியில் அழைத்தார். பணிவான குரல். "டிஸ்கஷன் இருக்கும்மா. நாளைக்கு மதியம் சார் உங்களப் பாக்கணும்னாரு." கதை விவாதத்தை எங்கள் தொழிலில் டிஸ்கஷன் என்பார்கள். மறுநாள் இரண்டு பேருந்து மாறிப் போனேன். கம்பெனி அலுவலகம் ஒரு டயர் கடைக்கு மேலே இருக்கிறது. வரவேற்பில் இருக்கும் பெண் நிமிர்ந்து பார்த்து, "யாரும்மா வரச் சொன்னது? இன்னிக்கு டிஸ்கஷனே இல்லையே. சார் ஊர்லயே இல்ல" என்றாள். நான் கிழிந்த சோபாவின் கிழியாத ஓரத்தில் உட்கார்ந்துகொண்டேன். அலுவலக விளக்குகளை அணைக்கும்வரை உட்கார்ந்திருந்தேன்.

இந்த இடத்தில்தான் என் தவறு நடந்தது. தங்கள் துறையில் உள்ள யாரும் இந்தத் தவறைச் செய்திருக்கமாட்டார்கள். 'சார் ஊரில் இல்லை' என்பது எழுத்தாளரைத் திருப்பி அனுப்ப எல்லாக் கம்பெனியிலும் சொல்லும் வாக்கியம். அதை என்னிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே உள்ளே சார் தும்முவதை நான் கேட்டிருக்கிறேன். அசையாமல் உட்கார்ந்திருந்தால் வெட்கப்பட்டு எப்போதாவது கதவைத் திறப்பார்கள் என்பது முப்பது வருட அனுபவம். அந்தப் பெண் உண்மையைச் சொல்கிறாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கம்பெனியிலிருந்து யாரும் என்னை அழைக்கவில்லை. நான் எங்கே போவேன், போனால் எவ்வளவு நேரம் உட்காருவேன், என்ன சொன்னாலும் எழுந்திருக்கமாட்டேன் என்பதையெல்லாம் தெரிந்த ஒருவர் அழைத்திருக்கிறார்.

6. அன்று வீடு திரும்பியபோது சாப்பாட்டு மேசைமேல் என் கணவரின் மூக்குக்கண்ணாடி இருந்தது. காதுக்கம்பிகள் விரிந்து, வாசலைப் பார்த்தபடி. அது பீரோவில், அவருடைய கடைசிச் சட்டையின் பையில் இருப்பது. என் திரைக்கதையில் அந்த ஆள் முதல்முறை வரும்போது செய்வது இதுதான். வயதானால் முதலில் சந்தேகப்பட வேண்டியது நம்மையேதான் என்பது என் கொள்கை. நானே எடுத்து வைத்து மறந்திருப்பேன் என்று முடிவு செய்தேன். கண்ணாடியைத் துடைத்து, திரும்பவும் சட்டைப் பையில் வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

7. சில நாள் கழித்து அதே குரல், அதே அழைப்பு. வரவேற்புப் பெண், "திரும்பவுமாம்மா? யாரோ உங்ககிட்ட விளையாடறாங்க" என்றாள். "உங்க சார்தான் விளையாடறாரு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். வீட்டுக்கு வந்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டு, முகம் கழுவப் போனேன். சோப்பு ஈரமாக இருந்தது. துண்டு ஈரமாக இருந்தது. குளியலறைக் கண்ணாடியில் வெந்நீர் ஆவி படிந்திருந்தது. திரைக்கதையின் பழைய பிரதிகளில் அந்த ஆள் இரண்டாம் முறை வரும்போது டீ போட்டுக் குடித்துவிட்டுப் போவான். இப்போதைய இயக்குநர்தான், "டீ எல்லாம் பழசும்மா. குளிச்சிட்டுப் போகட்டும்" என்றார். ஆக, குளிக்கும் காட்சி இந்தக் கம்பெனிக்குக் கொடுத்த பிரதியில் மட்டுமே உண்டு. என் மறதியால் நான் சோப்பை நனைத்திருக்கலாம். டயர் கடைக்கு மேலே உட்கார்ந்துகொண்டு என் குளியலறைக் கண்ணாடியில் ஆவி படிய வைக்க என்னால் முடியாது.

8. காவல் நிலையத்துக்குப் போனேன். "குளிச்சிட்டுப் போனானா? எங்க குவார்ட்டர்ஸ்ல குளிக்கத் தண்ணியே வரலம்மா, அட்ரஸ் கொடுங்க" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். "படத்துக்கு விளம்பரமாம்மா?" என்றார் இன்னொருவர். உதவி ஆய்வாளர் கம்பெனியை அழைத்தார். நிர்வாகி முதல் பத்தியில் கண்டதைச் சொன்னார். "சீக்கிரம் கதைய முடிச்சிருங்கம்மா, எல்லாம் சரியாயிடும்" என்று உதவி ஆய்வாளர் என்னை எழுப்பி அனுப்பினார். வெளிநாட்டில் இருக்கும் மகளிடம் சொன்னேன். "அம்மா, நீ மறுபடியும் கதைய வீட்டுக்குள்ள கூட்டிட்டு வந்துட்ட. பேசாம என்கூட வந்து இரு" என்றாள். பின்னால் மாப்பிள்ளை, "அத்தைய ஒரு நல்ல டாக்டர்கிட்ட காட்டலாம்ல" என்பது கேட்டது. என் காது இன்னும் நன்றாகவே கேட்கிறது என்பதை மாப்பிள்ளை மறந்துவிட்டார். என்னை நம்பியவர் எதிர்வீட்டு அம்மாள் ஒருவரே. ஓய்வுபெற்ற நர்ஸ். "அக்கா, பைத்தியம் புடிச்சவங்களை நான் முப்பத்தஞ்சு வருஷம் பாத்திருக்கேன். உங்களுக்கு இருக்கறது திமிரு மட்டும்தான்" என்று சொல்லி, ஆள் பிடித்து, கம்பிக் கதவுக்குப் பெரிய பூட்டாகப் போட்டுக்கொடுத்தார்.

9. இனி அழைப்பு வந்தால் போவதில்லை என்று உறுதியாக இருந்தேன். ஆனால் மூன்றாம் முறை அந்தக் குரல், "ஷூட்டிங் தேதி முடிவாகப் போகுதும்மா, சார் இன்னிக்குக் கையெழுத்துப் போடறாரு" என்றது. அது பொய்யாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். பயம் வாசலிலேயே நின்றுவிட்டது. ஆசை முன்னால் போய்ப் பேருந்தில் ஏறிவிட்டது. இதற்குமேல் விளக்கம் தர இயலவில்லை.

திரும்பி வந்தபோது கம்பிக் கதவின் பூட்டு போட்டபடியே இருந்தது. முன்கதவும் பூட்டியபடியே இருந்தது. படுக்கையறையில், பரண்மேல் இருக்கும் பெரிய பெட்டி கட்டில்மேல் இறக்கி வைக்கப்பட்டிருந்தது. என் வலது கை தோளுக்குமேல் உயராது. மருத்துவச் சான்று இணைத்துள்ளேன். பீரோவில் பார்த்தேன். முன்கதவின் மாற்றுச் சாவி, கொக்கியில் இல்லை. குளித்துவிட்டுப் போன நாளிலேயே எடுத்துப் போயிருக்க வேண்டும்.

பெட்டி இறங்கும் காட்சி நான் யாருக்கும் கொடுத்த எந்தப் பிரதியிலும் கிடையாது. அதற்கு முந்தின வாரம்தான் கையால் எழுதி, முன்னறையில் என் மேசைமேல் வைத்திருந்தேன். யாரிடமும் காட்டவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. அப்படியானால் அவர் பிரதியை வைத்துக்கொண்டு வருபவர் அல்ல. என் நாற்காலியில் உட்கார்ந்து, நான் அன்றன்றைக்கு எழுதுவதைப் படிப்பவர்.

10. இந்தப் பத்தியை எழுதுவதற்காகவே இந்த மனு. மேசைமேல் இருந்த அந்தத் தாளில் ஒரு வசனம் பென்சிலால் அடிக்கப்பட்டிருந்தது. கிழவி வீடு திரும்பிக் கதவைத் திறந்ததும், "யாரது? யார் உள்ள?" என்று கேட்பதாக நான் எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டு, மேலே சிறிய, சுத்தமான எழுத்தில், "வந்துட்டேங்க" என்று எழுதியிருந்தது.

ஐயா, முதலில் எனக்குப் பயம் வரவில்லை. அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். வசனம் நன்றாக இருக்கிறதே என்றுதான் தோன்றியது. யாருமில்லாத வீட்டில் ஒரு கிழவி யாருக்கு மரியாதை கொடுத்துப் பேசுவாள்? போய்விட்டவருக்குத்தான். நான் மூன்று பக்கத்தில் சொல்ல முயன்றது ஒரே சொல்லில் வந்துவிட்டது. இத்தனை கம்பெனிகளில் இத்தனை பேர் என் எழுத்தைத் திருத்தியிருக்கிறார்கள். ஒருவராவது இப்படித் திருத்தியதில்லை. நின்றபடியே அதை இரண்டு முறை வாய்விட்டுப் படித்தேன்.

இரண்டாம் முறை படித்தபோது குரல் எனக்கே பழக்கமானதாக இருந்தது. வெளியே போய்விட்டு வரும்போதெல்லாம், கதவைத் திறந்து, செருப்பைக் கழற்றியபடி, "வந்துட்டேங்க" என்று நான் சொல்வதுண்டு. அவர் இருந்த நாளில் சொன்னது. போன பிறகும் வாய் நிறுத்தவில்லை. என் மகளுக்குத் தெரியாது. எதிர்வீட்டு அம்மாளுக்குத் தெரியாது. சத்தமாகச் சொல்வதில்லை, கதவுக்கு வெளியே கேட்காது. எந்தக் கதையிலும் இதை எழுதியதில்லை, எழுதுவதற்கு இது பொதுச்சொத்து அல்ல.

அதைக் கேட்க வேண்டுமென்றால், நான் உள்ளே வரும்போது அவர் உள்ளே இருந்திருக்க வேண்டும். கண்ணாடியில் ஆவி கலையாத அந்த நாளில் இருந்திருக்கிறார். நான் செருப்பைக் கழற்றி, தண்ணீர் குடித்து, என் கணவரின் நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்த அந்தச் சற்று நேரமும், எனக்கும் அவருக்கும் நடுவே ஒரு குளியலறைக் கதவுதான் இருந்திருக்கிறது. நான் உட்கார்ந்திருக்கும்போதே அவர் என் பின்னால் நடந்து, சமையலறை வழியாகப் போயிருக்கிறார்.

நான் பயந்துபோயிருக்கிறேன். இந்த வாக்கியத்தை எழுத மனம் ஒப்பவில்லை. ஆனால் மனுவில் அதுவும் இருக்க வேண்டும்.

11. அன்றே கைப்பையோடு எதிர்வீட்டுக்கு வந்துவிட்டேன். இரண்டாம் முறை நிலையத்துக்குப் போய், அந்தத் தாளைக் காட்டினேன். "திட்டியிருந்தா, மிரட்டியிருந்தா கேஸ் போடலாம்மா. நல்லா எழுதியிருக்கான்னு எப்படிம்மா கேஸ் போடறது?" என்றார்கள். முன்கதவுக்கு நேற்று முன்தினம் புதிய பூட்டு மாற்றினோம். பூட்டுக்காரர் போன பிறகு நானும் எதிர்வீட்டு அம்மாளும் மாற்றி மாற்றிப் பூட்டித் திறந்து பார்த்தோம்.

நேற்று அந்தக் குரல் அழைத்தது. "திங்கட்கிழமை மதியம் டிஸ்கஷன் வெச்சிருக்கும்மா. கிளைமாக்ஸோட வந்துருங்க." அதே குரல் தொடர்ந்து, "புதுப் பூட்டு கொஞ்சம் இறுக்கமாத்தாம்மா இருக்கும். ஒரு சொட்டு எண்ணெய் விட்டுட்டுக் கெளம்புங்க" என்றது. பிறகு வைத்துவிட்டார். கேலியோ கடுமையோ அந்தக் குரலில் இல்லை. அக்கறையாகத்தான் சொன்னார். அந்தத் தொலைபேசி எண்ணை இணைத்துள்ளேன். திருப்பி அழைத்தால் யாரும் எடுப்பதில்லை.

12. முடிவு என்ன என்று நிலையத்தில் கேட்டார்கள். தங்களுக்கு மட்டும் சொல்கிறேன். கிழவி திரும்பி வருகிறாள், வழக்கமாகச் சொல்வதைச் சொல்கிறாள், இம்முறை உள்ளேயிருந்து பதில் வருகிறது. அதற்குப் பிறகு நடப்பதும் எனக்குத் தெரியும். அதை இங்கும் எழுதமாட்டேன். எதிர்வீட்டில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன் என்றாலும், எழுதமாட்டேன்.

13. ஆகவே நான் கேட்டுக்கொள்வது. திங்கட்கிழமை நான் வழக்கம்போல் சேலை மாற்றி, பையை எடுத்துக்கொண்டு, வீட்டைப் பூட்டி, டயர் கடைக்கு மேலே போய் உட்காருவேன். நான் போகாவிட்டால் அவர் வரமாட்டார். வேறொரு நாள், நான் அறியாத நாளில் வருவார். அன்று காலையிலேயே தங்கள் ஆட்கள் சீருடை இல்லாமல் எதிர்வீட்டுக்கு வந்து, அங்கிருந்து ஒவ்வொருவராக என் வீட்டுக்குள் போய்விட வேண்டும். காத்திருப்பது சுலபமான வேலை அல்ல. இருமாமல், எழுந்து நடக்காமல், போனை எடுத்துப் பார்க்காமல் உட்காரத் தெரிந்தவர்களாக அனுப்பவும். மேசைமேல் உள்ள தாள்களைத் தொட வேண்டாம் என்று அவர்களிடம் சொல்லவும், படிக்கவும் வேண்டாம். கம்பெனியின் வரவேற்புப் பெண்ணிடம் வாக்குமூலம் வாங்கவும். அந்தக் கம்பெனியில் இத்தனை நாளில் என்னிடம் உண்மை பேசியவள் அவள் ஒருத்திதான். அவளை மிரட்டாமல் கேட்கவும். என் சித்தம் தெளிவில்லை என்று நிலையப் பதிவில் யாராவது எழுதியிருந்தால், அதை அடித்து, பக்கத்தில் கையொப்பமிடச் சொல்லவும்.

அந்த ஆள் யார் என்று எனக்குத் தெரியாது. அவர் நன்றாக எழுதக்கூடியவர் என்பது மட்டும் தெரியும். அதற்காக நான் அவரை மன்னிக்கவும் இல்லை, அவரைச் சந்திக்க விரும்பவும் இல்லை.

14. இந்த மனுவுக்குத் தொலைபேசியில் பதில் தர வேண்டாம். எவ்வளவு பணிவான குரலானாலும், தங்கள் அலுவலகத்திலிருந்து பேசுவதாகச் சொன்னாலும், இனி நான் எடுப்பதாக இல்லை. ஆட்களை அனுப்புவதாக இருந்தாலும், அனுப்ப முடியாது என்பதாக இருந்தாலும், அதை எழுத்தில், அலுவலக முத்திரையுடனும் தங்கள் கையொப்பத்துடனும், எதிர்வீட்டு முகவரிக்கு, திங்கட்கிழமைக்கு முன்னால் கிடைக்கும்படி அனுப்பிவைக்க வேண்டுகிறேன்.

நாள்: வியாழக்கிழமை
இடம்: எதிர்வீட்டுச் சாப்பாட்டு மேசை

மேற்படி கதாசிரியை
(கையொப்பம்)